சூடேறி நின்றுபோகும் பழைய பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

பழைய பிக்கப் வண்டிகளின் என்ஜின் அளவு மீறிச் சூடாவதையும், ஓட்டத்தின் நடுவே நின்றுபோவதையும் பற்றி வந்த கடிதங்களிலிருந்து நான்கை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கடிதத்துக்கு மட்டும் சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. அதில் சொல்லப்பட்டிருக்கும் அறிகுறிகள் மிகத் தெளிவானவை. அப்படியிருந்தும் அவற்றுக்குத் தொடர்பில்லாத பாகங்களே இதுவரை மாற்றப்பட்டிருக்கின்றன.

கேள்வி: ஐயா, என்னிடம் இருபது ஆண்டுகளுக்கும் மேலான, கார்புரேட்டர் வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப் இருக்கிறது. காலையில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். அரை மணி நேரம் ஓடிய பிறகு நெரிசலிலோ சிக்னலிலோ நிற்கும்போது வெப்பமானி முள் ஏறத் தொடங்குகிறது; கொஞ்ச நேரத்தில் என்ஜின் குலுங்கி நின்றுபோகிறது. உடனே செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எந்தத் தொல்லையும் இல்லை. தெர்மோஸ்டாட், பிளக்குகள், இக்னிஷன் காயில் ஆகியவற்றை மாற்றியாயிற்று, கூலண்ட்டும் புதிது. இது ஒரே கோளாறா, இரண்டா? அடுத்து எதை மாற்றுவது?

பதில்: அடுத்து எதையும் மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள மிக முக்கியமான வரி, நெடுஞ்சாலையில் தொல்லை இல்லை என்பதுதான். வண்டி வேகமாகப் போகும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து வெளியேறுகிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. ஓட்டத்தில் குளிர்ச்சியாக இருந்து நிற்கும்போது மட்டும் சூடாகிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றோட்டத்தையே. ரேடியேட்டர் அடைப்போ வாட்டர் பம்ப் தேய்மானமோ முதன்மைக் காரணமாக இருந்திருந்தால், என்ஜின் அதிக வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய நெடுஞ்சாலையில்தான் முள் முதலில் ஏறியிருக்கும். என்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தாலும் வேகத்தில் உங்களைச் சும்மா விட்டிருக்காது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பாக, முள் சொல்வது உண்மைதானா என்று பார்த்துவிடுங்கள். பழைய வண்டிகளில் எர்த் வயர் துருப்பிடித்திருந்தால் மின்சாரம் ஒழுங்காகத் திரும்பாமல் முள் பொய் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டவுடன் முள் சட்டென்று நகர்ந்தால் அது வெப்பத்தின் வேலையே அல்ல. இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ தெர்மோஸ்டாட் மூடியின் மீது காட்டிப் பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அளவு தவறும் என்பதால் அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. பெரும்பாலான என்ஜின்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். நெரிசலில் அதைவிட ஏழெட்டு டிகிரி கூடுவது இயல்பு. அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால்தான் உண்மையான சூடு.

உண்மையான சூடு என்று உறுதியானால் ஃபேனுக்கு வாருங்கள். உங்கள் வண்டியில் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃபேனும், அதன் நடுவில் சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய ஃபேன் கிளச்சும் இருக்க வாய்ப்புண்டு. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் கிளச்சின் முகப்பில் உள்ள சுருள் பட்டை வளைந்து, எண்ணெய்க்கு வழிவிட்டு, ஃபேனை இறுகப் பிடிக்க வேண்டும். எண்ணெய் கசிந்துவிட்டால் இறுக்கம் போய்விடும். ஃபேன் சுற்றுவதுபோல் தெரியும், காற்றை இழுக்காது. என்ஜினை நிறுத்திவிட்டு, நன்றாகச் சூடாக இருக்கும் நிலையில், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். தடையோடு அரைச் சுற்றில் நின்றால் கிளச் வேலை செய்கிறது. தளர்வாகப் பல சுற்று ஓடினால் அது போய்விட்டது. கிளச்சின் மையத்திலிருந்து வெளிப்புறமாகத் தூசி ஒட்டிய எண்ணெய்க் கோடுகள் கிளம்பியிருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை. மின்சார ஃபேனாக இருந்தால், முள் ஏறும்போது அது சுற்றுகிறதா என்று பார்த்தாலே போதும். சுற்றாவிட்டால் நேரடியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, மோட்டார் கெட்டதா, அதை இயக்கும் சுவிட்ச் கெட்டதா என்று பிரித்துவிடலாம்.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, அதாவது ஷ்ரவுட், தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது கழற்றி வைக்கப்பட்டுத் திரும்பப் பூட்டப்படாமலே போன ஷ்ரவுட்கள் பழைய வண்டிகளில் ஏராளம். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ஏசி இருந்தால் அதன் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்க, அந்த இடுக்கில் பூச்சியும் பஞ்சும் மண்ணும் படிந்து அடை போல் இறுகியிருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடித்து அதை வெளியேற்ற வேண்டும். அதிக அழுத்தத்தில் அடித்தால் தகட்டு மடிப்புகள் சாய்ந்து உள்ள வழியும் அடைபடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: ஒரே கோளாறா, இரண்டா? இரண்டையும் இணைக்கக்கூடிய ஒரு பாகம் இருக்கிறது. அது ஃபேன் பெல்ட். இந்த வயது வண்டிகள் பலவற்றில் வாட்டர் பம்ப், ஃபேன், ஆல்டர்னேட்டர் மூன்றையும் ஒரே வி-பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட் வழுக்கினால் தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் ஒன்றாகக் குறையும். கூடவே சார்ஜும் குறைந்து, ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, விளக்கும் வைப்பரும் சேர்ந்தால் இக்னிஷனுக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காமல் என்ஜின் நின்றுபோகலாம். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் பலமாக அழுத்தினால் பெல்ட் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் தளர்வு. பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினாலோ, பெல்ட் புல்லியின் பள்ளத்தின் அடியைத் தொட்டாலோ, இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஐடிலிங்குக்குச் சற்று மேலான வேகத்தில் பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். எனினும் நின்ற பிறகும் செல்ஃப் சுற்றுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், நிற்பதற்குக் காரணம் பெல்ட் மட்டும்தான் என்று முடிவுகட்ட நான் தயங்குகிறேன்.

நின்ற என்ஜின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அதற்கு ஸ்பார்க் வரவில்லை, அல்லது பெட்ரோல் சரியான அளவில் வரவில்லை. இந்த இரண்டில் எது என்பதை நின்ற சில நிமிடங்களுக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருப்பதால்தான் பணிமனையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனவே வண்டியில் ஒரு பழைய பிளக்கும், அதன் உடலை என்ஜினின் உலோகத்தோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கிளிப்பும் எப்போதும் இருக்கட்டும். வண்டி நின்றதும் ஒரு பிளக் வயரைக் கழற்றி அந்தப் பிளக்கில் செருகி, கார்புரேட்டருக்கு எட்டாத இடத்தில் கிளிப்பால் பிணைத்துவிட்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வயரைக் கையால் பிடிக்கக் கூடாது; ஏர் ஃபில்டர் மூடியிருக்க வேண்டும்; பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையையே செய்யக் கூடாது.

நீலமும் வெண்மையும் கலந்த வலுவான பொறி தெரிந்தால் இக்னிஷன் நிரபராதி. பொறியே இல்லாவிட்டாலும், மஞ்சளாக மெலிந்து வந்தாலும், கோளாறு அந்தப் பக்கம்தான். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரிலோ அதன் அருகிலோ உள்ள, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான மாடியூல், சூடானதும் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் குணம் கொண்டது. அதை மாற்றும்போது அடியில் தடவ வேண்டிய வெப்பம் கடத்தும் பசையைத் தடவாமல் விட்டால் புதியதும் விரைவில் போய்விடும். நீங்கள் மாற்றிய காயிலையும் ஒரு முறை பாருங்கள். பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் தடை) உள்ள வண்டிக்கான காயிலின் பிரைமரி மின்தடை பொதுவாக 1.5 ஓம் அளவிலும், ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கான காயிலின் தடை 3 ஓம் அளவிலும் இருக்கும். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலைப் பூட்டினால் ஏறத்தாழ இரட்டிப்பு மின்சாரம் பாய்ந்து, காயில் தொட முடியாத அளவு கொதித்து, நீங்கள் எழுதியிருக்கும் விதமாகவே நிற்கும். புதிதாக மாற்றிய பாகம் என்பதால் அதைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடக் கூடாது.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைப் பாருங்கள். பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரியைச் சுற்றியே ஆவியாகத் தொடங்கிவிடும். என்ஜின் பிளாக்கில் பூட்டிய மெக்கானிக்கல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது; உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே ஆவியாவது இன்னும் எளிது. ஆவி நிறைந்த குழாயில் பம்ப் அடித்தும் பெட்ரோல் ஏறாது. மெக்கானிக்குகள் வேப்பர் லாக் என்று சொல்வது இதைத்தான். வண்டி நின்றதும் ஈரத்துணியை பம்பின் மீதும் குழாயின் மீதும் போர்த்திப் பாருங்கள். அரை மணிக்குப் பதிலாகச் சில நிமிடங்களிலேயே ஸ்டார்ட் ஆனால் காரணம் பிடிபட்டுவிட்டது. எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயை விலக்கிக் கட்டுவதும், கழற்றி எறியப்பட்ட வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் பூட்டுவதும் இதற்கான நிரந்தரப் பரிகாரங்கள். மாறாக, கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருந்தால் பெட்ரோல் வாடை வீசும். அப்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் சற்றுத் திணறிப் பிடித்துவிடும்.

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் இதே போன்ற நாடகம் நடக்கும். நின்ற வண்டியின் டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்டு, உடனே வண்டி பிடித்துக்கொண்டால், மூடியை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

முதலில் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் வண்டியில் சூடுதான் நிற்பதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். பானெட்டுக்குள் வெப்பம் அடங்கினால் வேப்பர் லாக்கும் பெரும்பாலும் அடங்கும். முள் நடுவில் நின்றபடியே வண்டி மீண்டும் நின்றால், அது தனிக் கோளாறு. அன்று பிளக் சோதனையின் விடையை எங்களுக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்களுடையது டீசல் பிக்கப். காலியாக ஓடினால் பிரச்சினை இல்லை. சுமையேற்றி மேடு ஏறும்போது மட்டும் முள் சிவப்பை நெருங்குகிறது. சில நேரம் இழுவை குறைந்து நின்றும்விடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு விழுவதில்லை. ஹெட் காஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார் ஒருவர். ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: சோதனை செய்யாமல் சொல்லியிருந்தால் இருவர் சொல்வதையும் ஏற்க வேண்டியதில்லை. முந்தைய வாசகரின் நிலைமைக்கு உங்களுடையது நேர் எதிரானது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் வழியாக வெளியேற வேண்டும். சுமையும் மேடும் சேரும்போது அந்த அளவு பல மடங்காகிறது. அதைத் தாங்க முடியாமல் போவது, பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் குறைந்ததாலோ ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டதாலோ அழுத்தம் நிற்காததாலோ ஆகும்.

அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அதுவே மிக எளிது. 0.9 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அளவில் அழுத்தத்தைத் தேக்கும் மூடி, கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்கவிடாமல் வைத்திருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்; மலையேறும்போது இழப்பு இன்னும் அதிகம், 2000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தரையில் சொட்டில்லாமல் தண்ணீர் குறைவதற்கும் இந்த மூடியே காரணமாக இருக்கலாம்.

பிறகு, என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் முகப்பு முழுவதும் இன்ஃப்ராரெட் வெப்பமானியை மெதுவாக நகர்த்துங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. கீழ் ஹோஸையும் கவனியுங்கள். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை ஏற்றிப் பிடிக்கும்போது அது உள்வாங்கிச் சப்பையானால், உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை அல்லது ரப்பர் நைந்துவிட்டது என்று பொருள். ஐடிலிங்கில் இது தெரியவே தெரியாது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் ஓரத்தில் வெண்மையாகவோ பச்சையாகவோ காய்ந்த படிவு இருந்தால் பம்பின் சீல் கசிகிறது. சூடான உலோகத்தின் மீதே ஆவியாகிவிடுவதால் தரையில் எதுவும் விழுவதில்லை. கேபினுக்குள் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பான மங்கலும் இருந்தால் ஹீட்டரின் உள்ளே கசிவு.

இவற்றுக்குப் பிறகுதான் ஹெட் காஸ்கெட். இரவு முழுவதும் நின்ற வண்டியை, மூடி பூட்டிய நிலையில் காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே, ஓரிரு நிமிடங்களில் ஹோஸ் கல்போல் இறுகினால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. உபரித் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் வருவதும் அதையே சொல்லும். கூலண்ட்டின் மேலுள்ள காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் நீலத் திரவம் பல பணிமனைகளில் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அது நிறம் மாறும். காஸ்கெட் போயிருந்தால் ஆயில் கட்டாயம் பால்போல் ஆகும் என்று நினைப்பது தவறு; காஸ்கெட் சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் இடையில் மட்டும் விட்டிருந்தால் ஆயில் சுத்தமாகவே இருக்கும்.

இழுவை குறைந்து நிற்பதைப் பொறுத்தவரை, டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது, எரிபொருளும் காற்றும்தான். சுமையில் மட்டும் திணறுவது, டீசல் ஃபில்டரும் டேங்குக்குள் இருக்கும் சல்லடையும் அடைபட்டதற்கு அடையாளம். சல்லடையில் ஒட்டிய கசடு, வண்டி நின்று உறிஞ்சல் நின்றதும் கீழே உதிர்ந்துவிடும். அதனால் சற்று நேரத்தில் வண்டி திரும்ப ஓடும். பம்புக்குப் போகும் குழாயில் ஒரு சாண் அளவுக்குத் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் டியூபை இணைத்துப் பார்த்தால், காற்று இழுக்கிறதா என்பது குமிழிகளில் கண்ணெதிரே தெரிந்துவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சூடாகாது என்கிறார்களே, செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடியில் உள்ள தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றி வரும் குறுக்குவழியை மூடுகிறது. தெர்மோஸ்டாட்டே இல்லாவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும், சூடு கூடவும் கூடலாம். மற்ற என்ஜின்களில் இதற்கு மாறாக, என்ஜின் சரியான வெப்பத்தை எட்டாமல் எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மீது பொறித்திருக்கும் அளவில் திறக்கத் தொடங்கி, பத்துப் பதினைந்து டிகிரி கூடுவதற்குள் முழுவதும் திறந்துவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது விளிம்பில் ஆடும் ஊசி உள்ள சிறு துளை மேல்பக்கம் வரட்டும். தேங்கும் காற்று வெளியேறும் வழி அதுதான்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சிவப்புக்குப் போய்விட்டால் உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வெப்பத்திலும் முழு வேகத்திலும் திறந்துவிடுங்கள், அது சிறிய ரேடியேட்டராக வேலை செய்யும். பாதுகாப்பான முதல் இடத்தில் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஆவி பறந்தாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ என்ஜினை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக்கைவிட வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், சில நிமிடக் கூடுதல் ஓட்டமே ஹெட்டை வளைத்துவிடப் போதும்.

ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் சூட்டில் திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்டவுடன் உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். இதில் கண்ணை இழந்தவர்கள் உண்டு. மேல் ஹோஸைக் கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு, முதல் கொக்கி வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டே முழுவதும் திறக்க வேண்டும். தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். எவ்வளவு பிடித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்குக் கொடுக்க அதைவிட நல்ல தகவல் இல்லை. கொட்டிய கூலண்ட்டைக் கழுவிவிட வேண்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த அந்தத் திரவம் இனிப்பாக இருப்பதால் விலங்குகள் நக்கும், குடித்தால் உயிருக்கே ஆபத்து. அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால், வீடு திரும்பியதும் அதை வடித்துவிட்டு உரிய விகிதத்தில் கூலண்ட் நிரப்ப வேண்டும்.

ஒரு முறை கொதித்த வண்டியை அடுத்த சில நாட்களுக்குக் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, கூலண்ட் மட்டத்தையும் ஆயில் குச்சியையும் பார்த்த பிறகு எடுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால், காரணம் தெரியும் வரை அதில் சுமையேற்ற வேண்டாம்.